ஊஞ்சவலசுக் கிருமி

ஏறும்போது இந்தப் பஸ்ஸு போர்டைப் படிச்சீங்களா தம்பி? "வழி நொச்சிப்புதூர்"னு போட்டிருக்குதுங்களா. ஊஞ்சவலசுன்னு எங்கயாச்சும் ஒரு எழுத்து இருக்குதுங்களா? இருக்காதுங்க. இத்தனைக்கும் காங்கேயத்துல கெளம்புனா மொதல்ல வர்றது எங்கூருதான். எங்கூரைத் தாண்டித்தான் நொச்சிப்புதூரு. எங்கூர்ல ஆளு எறங்குது, ஆளு ஏறுது, கண்டக்டரு விசிலும் அடிக்கறாரு. ஆனாப் போர்டுல மட்டும் அவனுக ஊரு.

போஸ்ட் ஆபீஸு அவனுக பேர்ல. பேங்கு, நொச்சிப்புதூர்க் கிளை. எங்கூர் எல்லைக்குள்ள, எங்க சித்தப்பா காட்டை வாங்கிக் கட்டுன கரண்டு ஸ்டேசனுக்குக்கூட நொச்சிப்புதூர் துணைமின் நிலையம்னுதானுங்க பேரு. நான் தலைவரா இருந்தப்ப கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்.

அட, நான் யாருன்னு சொல்லவே இல்ல பாருங்க. எம்பேரு சென்னியப்பன். ஊஞ்சவலசு முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரு. கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறேன். கம்பெனிக்காரன் குஞ்சு கொண்டாந்து எறக்குவான், தீவனம் குடுப்பான், நாம வளத்துக் குடுக்கோணும். அவ்வளவுதான் தொழிலு.

நொச்சிப்புதூருக்கும் ஒரு தலைவரு இருந்தாரு. ராக்கியப்பன்னு. வேற யாருமில்லீங்க, எம்பட சம்சாரம் பாவாயிக்குக் கூடப்பொறந்த அண்ணன். எனக்கு மச்சான் மொறை. அவருக்கும் கோழிப் பண்ணைதான். பொண்ணு குடுத்த ஊராச்சேன்னு நானும் பொறுத்துத்தான் போனேன். ஆனா மனுசன் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குதுங்களே.

போன வருசம் ஆவணியில ஒரு புள்ள வந்துச்சு. ஸ்கூட்டருல. முதுகுல ஒரு பை, கையில நீலக் கலரு ஒறை. ரெண்டு ஊருச் சாக்கடையும் ஓடையில போயி விழுகற எடத்துல குத்த வெச்சு உக்காந்து, குச்சியை நட்டு, குச்சியில நூலைக் கட்டி, நூல் நுனியில வலைத்துணியில சுத்துன பஞ்சுப் பொட்டணத்தைத் தொங்க விடுது. எங்கூருச் சாக்கடைக்குச் செவப்பு நூலு. நொச்சிப்புதூருக்கு ஊதா நூலு. அது பாட்டுக்குத் தொங்க விட்டுட்டுப் போயிருச்சு.

ஊருக்குள்ள ஒரே பீதி. எவளோ செய்வினை வெக்கறாள்னு பேச்சாயிப் போச்சு. பொம்பளைக அந்தப் பக்கம் துணி தொவைக்கவே போகல. நான்தான் தகிரியமாப் போயி நிறுத்தி, யாரு அம்மிணி நீயின்னு கேட்டனுங்க. பேரு இசக்கியம்மாளாம். திருநெல்வேலிப் பக்கம். டாக்டரு, ஆனா ஊசி போடற டாக்டரு இல்ல, படிப்பு டாக்டரு. ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. சாக்கடையிலயும் கோழி எருவுலயும் மருந்துக்கு மசியாத கிருமி இருக்குதான்னு தேடறாங்களாம்.

அப்பறமேலு கிராம சபைக் கூட்டத்துல வெச்சு வெவரமாச் சொல்லுச்சு. கிருமிக்குள்ள மரபணுன்னு ஒண்ணு இருக்குதாம். அதை மெசின்ல வெச்சுப் படிச்சா, இது எங்கிருந்து வந்துச்சு, இதுக்கு எந்த மருந்து கேக்கும், எந்த மருந்து கேக்காதுன்னு தெரிஞ்சுருமாம். எனக்குப் பட்டுனு புரிஞ்சு போச்சுங்க. நம்மள்ல என்ன கூட்டம், எந்தக் காணி, என்ன குலதெய்வம்னு கேக்கறமில்ல? அந்த மாதிரி கிருமிக்கும் கூட்டம் இருக்குது. அதுலயும் ஒரு அதிசயம், ஒரு கிருமி வேற கூட்டத்துக் கிருமிகிட்ட ஒட்டிப் பழகி, மருந்தைத் தாங்கற சூட்சுமத்தை அதுக்குக் கை மாத்தி விட்டுருமாம். பொண்ணுக்குச் சீர் குடுத்து விடற மாதிரின்னு நான் சொன்னேன். அந்தப் புள்ள சிரிச்சுட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயான்னுச்சு. வெகு தங்கமான புள்ளைங்க.

அந்தக் கூட்டத்துலதான் வெனையே ஆரம்பிச்சுது. "உங்க ஓடையில இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாத ஒரு வகை தட்டுப்படுது. உறுதி பண்ணணும்"னு அந்தப் புள்ள சொல்லுச்சு. உலகத்துல எங்கயும் இல்லாததா அம்மிணின்னு கேட்டேன். இப்போதைக்கு அப்படித்தான் தெரியுதுன்னுச்சு. நான் கை தட்டிட்டேன். முன்னாள் தலைவரு தட்டுனா ஜனம் தட்டாதுங்களா? அதுக்கு மேல அந்தப் புள்ள என்னமோ சொல்லிட்டே இருந்துச்சு, கைதட்டுல ஒண்ணும் காதுல விழுகல.

எங்கூரு சலூன்காரரு சுப்பராயன் பேப்பரு ஒரு வரி விடாமப் படிக்கறவரு. அவருதான் சொன்னாரு. இந்த மாதிரிப் புதுசாக் கண்டுபுடிச்சா, எந்த ஊர்ல மொதல்ல கெடைச்சுதோ அந்த ஊரு பேரையே வெச்சுருவாங்களாம். ஏற்கெனவே ஒண்ணுக்கு நம்ம தலைநகரத்துப் பேரே வெச்சிருக்குதாம். எனக்கு அன்னிக்கு ராச் சோறு எறங்கல தம்பி. சந்தோசத்துலதான். பஸ் போர்டுல வராத பேரு உலகம் பூரா வரப் போகுது. அமெரிக்காவுல ஒருத்தன் புஸ்தகத்தைத் தொறந்தா ஊஞ்சவலசு. ஜப்பான்காரன் நாக்கு மடங்காமச் சொல்லிப் பழகறான், ஊஞ்சவலசு.

அடுத்த வாரமே பிளக்ஸு வெச்சுட்டனுங்க. ஊருக்குள்ள நொழையற எடத்துல, பெருசா. "உலக வரைபடத்தில் ஊஞ்சவலசு! எங்கும் காணா அரிய கிருமியை ஈன்றெடுத்த எம் மண்ணே, வாழ்க!" ஓரத்துல கும்புட்ட மேனிக்கு எம்பட போட்டோ.

மச்சான் சும்மா இருப்பாரா? மறுக்கா நாளே நொச்சிப்புதூர் முக்குல அதைவிடப் பெருசா ஒண்ணு எந்திரிச்சுது. "அக்கிருமி எங்கள் கிருமியே. ஆதாரம் உண்டு." அவரு பண்ணை எருவு கரைஞ்சு ஓடையில வந்துதான் அந்தக் கிருமி உண்டாச்சுன்னு டீக்கடையில உக்காந்து வாதம் பண்ணிட்டிருக்கறாரு. நானும் விடுவனா. எம்பட பண்ணையில கோழிக்குத் தண்ணித் தொட்டியில மருந்து கலக்காத நாளே கெடையாது, உன்ற கோழிக்கு நீ என்னய்யா குடுத்தேன்னு கேட்டேன். சீக்கு வந்தாத்தான் மருந்துன்னு இருக்கறவன் நான் இல்லீங்க. வரும் முன் காப்போம். அதுனாலதான் எம்பட கோழிக வாட்ட சாட்டமா இருக்கும்.

இசக்கிம்மா ஒரு நாளு அந்தப் பிளக்ஸு முன்னால ஸ்கூட்டரை நிறுத்திட்டு, மேலருந்து கீழ வரைக்கும் படிச்சுது. கண்ணுல தண்ணி வந்துரும் போல நின்னுச்சு. எனக்கே நெகிழ்ந்து போச்சு. நேரா எங்கூட்டுக்கு வந்துச்சு. பாவாயி மோரு கொண்டாந்து குடுத்தா. மோரைக் கையிலயே வெச்சுட்டு, "ஐயா, இது பெருமைப்படுத விசயம் இல்ல. வயித்தெரிச்சலான விசயம்"னுச்சு.

பொறவு என்னையும் பாவாயியையும் உக்கார வெச்சுச் சொல்லுச்சு. சின்ன வெட்டுக்காயம், நீர்க்கடுப்பு, பிரசவக் காய்ச்சல், இதெல்லாம் இப்ப நாலு ஊசியில போயிருது. இந்தக் கிருமி பெருத்தா அந்த ஊசி கேக்காது. ஆளு செத்துப் போவாங்க. கோழிக்குத் தெனமும் மருந்து குடுக்கறது, நாம நெனைச்ச மாத்திரையை நெனைச்சப்ப வாங்கி முழுங்கறது, ரெண்டுமே அதை வளத்தறதுதான். ஓடையில எடுக்கற இந்தக் கிருமிக் கணக்கு முடிஞ்சதும் சுத்து வட்டாரத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம், இந்தப் பக்கத்து ஆளு வந்தா இந்த மருந்து கேக்காது, இதைக் குடுங்கன்னு சொல்லி விடுவாங்களாம்.

பாவாயி எம்பட மூஞ்சியவே பாத்தா. "தொட்டியில கலக்கறதை நிறுத்திப் போடுங்களே"ன்னா. கோழி செத்தா உங்கண்ணனா வந்து குடுப்பாருன்னேன். அதோட விட்டுட்டா.

நான் அன்னிக்குப் பொழுதோட பிளக்ஸைக் கழட்டிட்டேன். அங்க மச்சானும் கழட்டிட்டாரு. அவரு காதுக்கும் சேதி போயிருச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க தம்பி. அந்தப் பேரு எங்கூருக்கு வந்தா என்ன ஆவும்? கம்பெனிக்காரன் குஞ்சு எறக்குவானா? எங்கூருப் பொண்ணை எவன் கட்டுவான்? எந்த ஊருங்கன்னு கேப்பான், ஊஞ்சவலசுன்னா, ஐயோ அந்தக் கிருமி ஊரான்னு எந்திரிச்சுப் போயிருவான். ஒரு முன்னாள் தலைவரு கைகட்டிட்டுப் பாத்துட்டு இருக்கறதா? அதுக்கோசரம் ஒரு சின்ன ஏற்பாடு பண்ணுனேன்.

உச்சி வெய்யில்ல, தலையில துண்டைப் போட்டுட்டு ஓடைக்குப் போனனுங்க. எங்கூரு செவப்பு நூல்ல தொங்கற பஞ்சை அவுத்தேன். அவனுக ஊதா நூல்ல தொங்கறதை அவுத்தேன். அதை இதுல, இதை அதுல. நூலு இருந்த எடத்துலயே இருக்குது, பஞ்சு மட்டும் ஊரு மாறிருச்சு. அஞ்சு நிமிசத்து வேலை. நாத்தந்தான் தாங்கல. ஓடைத் தண்ணியிலயே கையைக் கழுவிட்டு வந்துட்டேன். சிரிக்காதீங்க. நீங்க எங்கூர்ல பொறந்திருந்தா நீங்களும் செஞ்சிருப்பீங்க.

ரெண்டு நாளு கழிச்சுப் பஞ்சை எடுக்க அந்தப் புள்ள வந்துச்சு. குனிஞ்சு பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. அது போட்டிருந்த முடிச்சு வேறயாம். அங்க இருந்தது மாட்டைக் கட்டற முடிச்சாம். ரெண்டு ஊரையும் கூட்டி யாரு தொட்டீங்கன்னு கேட்டுச்சு. நானே எந்திரிச்சு நின்னு, ஒரு பொம்பளைப் புள்ள நம்மளை நம்பி வந்திருக்குது, எந்தப் பாவி இந்தக் காரியம் பண்ணுனான்னு சத்தம் போட்டேன். மச்சான் அங்கயிருந்து, அப்படிக் கேளுங்க மாப்பிள்ளைன்னாரு. ரெண்டு ஊரும் ஒண்ணு சேந்து பேசுனது அன்னிக்குத்தான்.

அந்தப் புள்ள பஞ்சு ரெண்டையும் பையில போட்டுக் கட்டிருச்சு. முன்னால எடுத்ததுலயும் எவனாச்சும் கை வெச்சிருப்பானோன்னு சந்தேகம் வந்துருச்சாம். எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு மொதல்லருந்து திரும்ப ஆரம்பிச்சுது. மேலதிகாரிககிட்ட வேற பேச்சு வாங்கிச்சுன்னு கேள்வி. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு.

அந்த மார்கழியிலதான் பாவாயி படுத்தா.

மொதல்ல நீர்க்கடுப்புதானுங்க. அவளுக்கு அது அப்பப்ப வரும். வந்தா நான் காங்கேயம் மருந்துக் கடையில சொல்லி நல்ல வீரியமான மாத்திரையா வாங்கியாந்துருவேன். ரெண்டு போட்டாக் கடுப்பு நின்னுரும். நின்னப்பறம் எதுக்கு மாத்திரை? மிச்சத்தை எடுத்து வெச்சுக்குவோம், அடுத்த தடவைக்கு ஆவும். இந்தத் தடவையும் அப்படித்தான் குடுத்தேன். கேக்கல. இடுப்புல வலின்னா. அப்பறம் குளிரு காய்ச்சல். கட்டிலே ஆடுதுங்க தம்பி, அந்த ஆட்டம் ஆடறா. பல்லு கிட்டிப் போச்சு. கம்பளி மேல கம்பளி போட்டும் நிக்கல. என்னைப் பாத்து, யாருங்கன்னு கேட்டா. முப்பது வருசம் கூட வாழ்ந்தவ, யாருங்கன்னு கேக்கறா.

காரு புடிச்சு ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மொத ஊசி போட்டாங்க. கேக்கல. அதைவிடப் பெரிய ஊசி போட்டாங்க. அதுவும் கேக்கல. கிருமி ரத்தத்துல ஏறிருச்சுன்னாங்க. பிரஷரு எறங்கிருச்சு, உள்ள கொண்டு போயிப் படுக்க வெச்சுட்டாங்க, கண்ணாடி வழியாத்தான் பாக்கோணும். எந்த மருந்து கேக்கும்னு அவ ரத்தத்துலருந்து கிருமியை வளத்துப் பாக்கோணும், அதுக்கு நாளாவும், அது வரைக்கும் அனுமானத்துலதான் ஓட்டோணும்னு அங்க இருந்த பெரிய டாக்டரு சொன்னாரு.

மச்சான் வந்தாரு. நானும் அவரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவரு ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவுல பாவாயி செருப்பு ஒரு கவருக்குள்ள.

பெரிய டாக்டருக்கு எப்படியோ இசக்கிம்மா விசயம் தெரிஞ்சிருக்குது. எந்த ஊருன்னு கேட்டவரு, ஊஞ்சவலசுன்னதும் போனைப் போட்டாரு. அந்தப் புள்ள ஸ்கூட்டருலயே ஈரோடு வந்து சேந்துருச்சு. பாவாயி ரத்தத்துலருந்து எடுத்ததை வாங்கிட்டுப் போயி, தூங்காமக் கொள்ளாம அந்த மரபணுவைப் படிச்சுட்டு வந்துச்சு. ஓடையில தட்டுப்பட்ட அதே வகைதானாம். எம்பட பண்ணை எருவுல இருந்ததும் அதேதானாம். இதுக்குச் சாதா மருந்து எதுவும் ஆவாது, பழைய மருந்து ஒண்ணு இருக்குது, கிட்னிக்குக் கெடுதல்தான், ஆனா அதுதான் கேக்கும்னு சொல்லுச்சு. அதை ஏத்துனாங்க.

ஏறிட்டிருக்கும்போது வராந்தாவுல வெச்சு நான் மெதுவா விசாரிச்சேன். ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் பேரு என்னாச்சுங்கன்னு. அந்தப் புள்ள என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "ஐயா, ஊர்ப் பேரெல்லாம் வைக்க மாட்டாங்க. வெறும் எழுத்தும் நம்பரும்தான். அன்னைக்கே கூட்டத்துல சொன்னேன், நீங்க கை தட்டிக்கிட்டு இருந்தீங்க"ன்னுச்சு. மனசுலருந்து பெரிய பாரம் எறங்குச்சுங்க. ஊரு தப்பிச்சுதுல்ல.

பாவாயியும் தப்பிச்சா. காய்ச்சலு விட்டுச்சு, கண்ணு தெளிஞ்சுது, என்னை யாருன்னு தெரிஞ்சுது. பெரிய டாக்டரு கையெடுத்துக் கும்புடற எங்களைப் பாத்து, இந்த ஓடைக் கணக்கு முடிஞ்சு எங்க கைக்கு ரெண்டு மாசம் முன்னாலயே வந்திருந்தா, மொத ஊசியே சரியான ஊசியாப் போட்டிருப்போம், இத்தனை சேதாரம் ஆயிருக்காதுன்னாரு. அவ கிட்னி பாதிதான் வேலை செய்யுதாம். நானும் நெனைச்சுப் பாத்தேன். என்ன பண்றது, இந்த ஆராய்ச்சி வேலையே இப்படித்தானுங்க, எப்பவும் லேட்டு.

அவளைச் சாதா வார்டுக்கு மாத்துன அன்னிக்குத்தான் மச்சான் கேவலம் பண்ணிப் போட்டாரு. அந்த மீசையும் உருவமும் வெச்சுட்டு, கட்டிலு பக்கத்துல நின்னு கொழந்தையாட்ட அழுகறாரு. இசக்கிம்மா இருக்குது, நான் இருக்கறேன், நர்ஸம்மா இருக்குது.

"அம்மிணி, பஞ்சை நான்தான் மாத்தி வெச்சேன். பேரு உங்கூருக்குப் போவட்டும்னு பண்ணிப்போட்டேன். என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு"ன்னாரு.

நான் தெகைச்சுப் போயிட்டேன். என்னைக்கு மாத்துனீங்க மச்சான்னு கேட்டேன். நான் மாத்துன அதே நாளுங்க தம்பி. நான் உச்சியில போயிருக்கறேன், அந்த மனுசன் பொழுதோட போயிருக்கறாரு. அப்ப என்னாச்சு? நான் அதை இதுல போட்டேன். அவரு இதை அதுல போட்டாரு. எங்கூருப் பஞ்சு எங்கூருக்கே திரும்பி வந்துருச்சு, அவனுக பஞ்சு அவனுககிட்டயே போயிருச்சு. எல்லாம் இருந்த எடத்துலயே இருந்திருக்குது. பின்ன எதுக்கு அந்தப் புள்ள அத்தனையும் ஒதுக்கி வெச்சுதுன்னு எனக்கு இன்னமும் வெளங்கலீங்க. அரை நாளு ஊறுனா எல்லாக் கிருமியும் கலந்துருமாம். என்னமோ சொல்றாங்க.

பாவாயி அண்ணன் கையை எட்டிப் புடிச்சா. அப்பறம் என்னைப் பாத்தா.

"நீங்க எதும் பண்ணலீங்களா?"

"நானா?"

அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. பொய்யும் சொல்லல பாருங்க. அவ செத்த நேரம் பாத்துட்டே இருந்துட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. சீக்காளிக்கு அசதி வருமில்லீங்களா.

டிஸ்சார்ஜு ஆன அன்னிக்கு நான் காரு கொண்டாந்து வாசல்ல நிறுத்தியிருக்கறேன், அவ நேராப் போயி அவங்கண்ணன் காருல ஏறிட்டா. நல்லதுதானுங்க. அங்க அவங்க அண்ணி இருக்குது, பாத்துக்க ஆளு வேணுமில்ல. ரெஸ்டு எடுக்கறா. இப்ப மாசம் அஞ்சாச்சு. கிட்னி விசயம், சட்டுனு ஆவாதுங்களே.

போயிக் கூப்புட்டேன். வாசல்ல நின்னுட்டே சொன்னா, "தொட்டியில மருந்து கலக்கறதை நிறுத்துங்க. பண்ணை சுத்தம்னு இசக்கி பாத்துச் சொல்லட்டும். அப்பறம் பேசிக்கலாம்." மச்சான் பண்ணையில மருந்தை என்னைக்கோ நிறுத்திட்டாராம். அதைப் பெருமையா வேற சொல்றா. சரி, சீக்குல கெடந்து எந்திரிச்சவ, பொம்பளைக்கு ஒரு ஆசை, நிறைவேத்தி வெப்போம்னு நானும் நிறுத்திட்டேன். பழைய எருவைச் சொரண்டி அள்ளி, சுண்ணாம்பு அடிச்சு, தொட்டியைக் கழுவி, கொட்டாயை ஆறப் போட்டு, புதுக் குஞ்சு எறக்குனேன். கோழி கொஞ்சம் செத்துது, இல்லீங்கல. ஆனா நெனைச்ச அளவு இல்ல. அதை மச்சான்கிட்டச் சொல்லிராதீங்க.

ஒவ்வொரு ஈடு கோழி வளந்ததும் கொஞ்சம் எருவை எடுத்து, இசக்கிம்மா குடுத்த பொட்டியில ஐஸு வெச்சுக் கொண்டு போயிக் குடுப்பேன். அந்தப் புள்ள மச்சான் வீட்டு மாடியிலதான் ரூமு எடுத்திருக்குது. போன ஈட்டுல பாத்துட்டு, இன்னும் இருக்குது ஐயான்னுச்சு. அதுக்கு முந்துன ஈட்டுலயும் அதே. மருந்தே குடுக்கலியே தாயின்னேன். வந்தது உடனே போயிராது, ஆனாக் கொறையுதுன்னுச்சு. பாவாயி கோழிக் கொழம்பு வெச்சு வயிறாரச் சோறு போடுவா. போட்டுட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிக்கச் சொல்லிருவா. சமையல்ல மட்டும் ஒரு கொறை சொல்ல முடியாதுங்க.

ஏனுங்க, செத்த இருங்க. எங்கூரு வருது. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க, மூஞ்சிக்கு மறைப்பா. நான் குனிஞ்சுக்கறேன்.

போயிருச்சுங்களா? எவனாச்சும் ஏறுனானா?

அது ஒண்ணுமில்லீங்க. எங்கூர்லருந்து நொச்சிப்புதூரு நடந்தே போயிரலாம். ஆனா முன்னாள் தலைவரு கோழிப் பீயைப் பொட்டியில வெச்சுத் தூக்கிட்டு அந்த ஊருக்கு நடக்கறதை ஜனம் பாத்தா என்ன ஆவறது. அதுனால வெடியால எதுத்தாப்புல வர்ற பஸ்ஸுல காங்கேயம் போயி, அங்கிருந்து இந்தப் பஸ்ஸைப் புடிச்சுச் சுத்தி வர்றேன். உங்க காலுக்குப் பக்கத்துல வெள்ளையா இருக்குது பாருங்க, அதேதான். தகரம் இல்ல, தெர்மோகோலு, பாத்து. நாத்தம் வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க.

என்ன கேக்கறீங்க? பஞ்சு விசயத்தை அவகிட்டச் சொல்லிட்டனான்னா?

அதெதுக்குங்க இப்ப? அவ திரும்பக் கேக்கவே இல்லியே. கேட்டாச் சொல்லியிருப்பேன். கேக்காததைப் போயி நாமளா எப்படிச் சொல்றது. கொழம்பை ஊத்திட்டு எதுத்தாப்புல உக்காந்துக்குவா. நான் சாப்புடறதையே பாத்துட்டிருப்பா. ஏதாச்சும் சொல்லோணுமான்னு கேப்பா. உப்பு சரியா இருக்குதும்பேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க வழிப்போக்கரு. எறங்கிப் போனா நீங்க யாரோ நான் யாரோ. இந்தா, நொச்சிப்புதூரு வந்துருச்சு. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, பொட்டியை எடுத்துக்கறேன்.

நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க?

இங்கதானா? யாரு வீட்டுக்குங்க?

ராக்கியப்பன் வீட்டு மாடிக்கா? அட, எதுக்குப் பையைத் தொறந்து காட்டறீங்க… அதுக்குள்ளயும் வெள்ளைப் பொட்டி. அதே மாதிரி. அப்ப நீங்க இசக்கிம்மா கூட வேலைக்குச் சேந்திருக்கற ஆளுங்களா? இத்தனை நேரம் ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி.

எறங்குங்க, எறங்குங்க. கண்டக்டர் கத்தறாரு. படியைப் பாத்து. அந்தா, அந்தப் பச்சைக் கேட்டு வீடுதான். முத்தத்துல மொளகா காயப் போட்டுட்டு நிக்கறாளே, அவதான் பாவாயி. நம்மளைப் பாத்துட்டா.

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பொட்டியையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. போயி, அந்த உச்சி வெய்யிலு விசயத்தை நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் இங்க இந்த வேப்ப மரத்தடியில நிக்கறேன். கூப்புட்டா வர்றேன்.